நகம் இறங்க வேண்டும்

கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்க்கவேண்டும். நகம் கொஞ்சமாவது உள்ளே இறங்கினால் அதை நாய்க்குக் கடிக்கக் கொடுக்கலாம். இறங்காவிட்டால் அந்தச் சாமான் பல்லைப் பதம் பார்க்காமல் விடாது. சிவரூபினி இதைக் கற்றுக்கொண்டு ஒரு வருசமாகிறது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற அந்தப் பெரிய செல்லப்பிராணிக் கடையில், நாய் கடிக்கிற சாமான்களில் அவளுடைய நகம் படாதது ஒன்றும் கிடையாது. கல்லாவில் நின்று காசு வாங்குகிற பெட்டைக்கு இவளைக் கண்டாலே சிரிப்பு. ரப்பர் வளையமா, ரப்பர் எலும்பா, கயிற்றுப் பந்தா, எதையென்றாலும் எடுத்து, வளைத்து, மூக்கில் வைத்து மணந்து, நகத்தால் கிள்ளி, கடைசியில் போன முறை வாங்கிய அதே சாமானைத்தான் வாங்கிக்கொண்டு போவாள்.

அன்றைக்கு அவள் கையில் எடுத்தது மான்கொம்பு. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் தடிப்பு. நகத்தை வைத்தாள். இறங்கவில்லை. இன்னொருக்கால் வைத்து ஊன்றினாள். நகம்தான் வளைந்தது. இறங்காது என்று தெரிந்துதானே எடுத்தாள்! சுற்றுமுற்றும் பார்த்தாள். களவெடுக்க வந்தவளைப்போலக் கொம்பைக் கூடைக்குள் போட்டு, மேலே ஒரு பை பிஸ்கட்டை வைத்து மூடிக்கொண்டு கல்லாவுக்குப் போனாள்.

பிப்பா அவளுடைய நாய் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சிவரூபினியும் கண்டவர் நிண்டவருக்கெல்லாம் இதைத்தான் முதலில் சொல்லுவாள். கண் தெரியாத ஆட்களுக்கு வழிகாட்டப் போகிற நாய் அது. ஏழு கிழமைக் குட்டியாகக் கொண்டுவந்து தருவார்கள். ஒரு வருசத்துக்கு மேலே வீட்டில் வைத்து, பஸ் ஏற்றி, ரயில் ஏற்றி, சனத்துக்குள் நடத்தி, சொன்ன சொல் கேட்க வைத்துத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். பிறகுதான் அதற்கு உண்மையான பயிற்சி. தீனிக்கும் மருந்துக்கும் நாயைத் தருகிற அமைப்பே பொறுப்பு. வளர்க்கிறவருக்குக் கிடைப்பது நாயின் மயிர் ஒட்டிய உடுப்பும், முடிவில் ஒரு நன்றிக் கடிதமும்தான்.

"திருப்பிக் குடுக்கிற நாயை என்னத்துக்கடி வளர்க்கிறாய்? உனக்கென்ன விசரே?" என்று ஈலிங் கோயிலில் வைத்துக் கேட்காத சிநேகிதிகள் இல்லை. அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். வேலை செய்கிற டூட்டிங் மருந்துக்கடைக்கு வருகிற அழகப்பன் அங்கிளால்தான் இந்த எண்ணம் வந்தது என்பாள். அதுவும் பொய்யில்லை. அழகப்பன் மலேசியாக்காரர், எழுபது வயது, கண் முற்றாகத் தெரியாது. அவருடைய பழைய நாய்க்கு வயதாகி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். புதியது வரும்வரை வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு வருவார். "நாய்க்குப் பஞ்சம் இல்ல மா. ஒரு வருசம் வளர்த்துக் குடுக்க மனுசன் இல்ல லா," என்று ஒருநாள் மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டே சொன்னார். அன்று பின்னேரமே சிவரூபினி விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள்.

ஆனால் உள்ளே இருந்த காரணம் வேறு. அதை அவள் வாய்விட்டு யாருக்கும் சொன்னதில்லை. போகிற நாள் முன்கூட்டியே தெரிந்த ஒரு பிள்ளையை வளர்த்தால், போகும்போது நோகாது என்று நினைத்தாள். நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டு வந்தால் மனம் பழகிவிடும் என்று கணக்குப் போட்டாள். பாவம், அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

பத்தொன்பது வருசத்துக்கு முந்தி அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். மஹதி. எட்டு மாதத்தில் பல்லு முளைக்கிற கீழ்முரசில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. பல்லு வந்துவிட்டது என்று வீடு முழுக்கக் கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவதென்று நாற்பது பேருக்குச் சொல்லியாயிற்று. கொழுக்கட்டையின் விளிம்பில் சின்னத் தேங்காய்த் துண்டான சொட்டைப் பல்லுப்போலக் குத்தி அவித்து, பிள்ளையை நடுவில் இருத்தித் தலைக்கு மேலால் கொட்டுவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளுடைய புருசன் கிருஷ்ணராசா மேசையில் இருந்து இருநூறு சொட்டுக்கு மேலே வெட்டித் தண்ணீருக்குள் போட்டு வைத்தான். அன்று இரவு பிள்ளைக்குக் காய்ச்சல். சனி மத்தியானம் ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சல் என்றார்கள். பின்னேரம் பிள்ளை இல்லை. வீட்டுக்கு வந்து கிருஷ்ணராசா முதல் செய்த வேலை, அந்தச் சொட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்வளவில் கவிழ்த்ததுதான். அதைப் பற்றி அவனும் பிறகு கதைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. மற்றவர்கள் வீட்டுப் பல்லுக்கொழுக்கட்டைக்குச் சொன்னால், இரண்டு பேருக்கும் அன்றைக்கு வேலை இருக்கும்.

கிருஷ்ணராசா ஒரு தமிழ்க்கடையில் இறைச்சி வெட்டுகிறவன். முப்பது வருசமாக எலும்போடு சீவியம். அவனுடைய வீட்டில் நாய்க்கு எலும்பு கிடையாது! குட்டி வந்த கிழமையிலேயே, அமைப்பிலிருந்து வந்து பார்க்கிற ஹெலன் ஒரு பட்டியலைத் தந்துவிட்டுப் போனாள். சிவரூபினி அதைத் தமிழில் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். மாட்டுத்தோல் கூடாது, ஊறி வழுவழுத்துத் தொண்டையில் போய் அடைக்கும். சமைத்த எலும்பு கூடவே கூடாது, சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். கொம்பும் குளம்பும் கூடாது, பல்லு வெடிக்கும். ரப்பர் நல்லது, ஆனால் வாயைவிடப் பெரிதாக இருக்கவேண்டும், வளையவேண்டும், நகம் இறங்கவேண்டும். கடையில் கூட வேலை செய்கிறவர்கள், "என்னண்ணை, ஆட்டுக்கால் எலும்பு அள்ளி எறியிற மனுசன்ரை நாய்க்கு ரப்பரே சாப்பாடு?" என்று பகிடி பண்ணினார்கள். அவன் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் குட்டியைத் தொடுவான். அதற்குப் பிப்பா என்று அமைப்பு வைத்த பெயரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. "பிள்ளை சாப்பிட்டுதோ?" என்பான். "பிள்ளைக்குப் பல்லு மினுக்கியாச்சோ?" என்பான். முதல்முறை கேட்டபோது சிவரூபினி அடுப்படிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள்.

ஐந்தாம் மாதம் குட்டியின் பால்பல்லுகள் விழத் தொடங்கின. ஒன்று சமையலறைத் தரையில் கிடந்தது, உடைந்த அரிசியளவு. கூட்டித் தள்ளிவிடப் பார்த்தாள், முடியவில்லை. எடுத்துக் கழுவி, குங்குமம் முடிந்துபோன ஒரு சின்னச் சிமிழுக்குள் போட்டு வைத்தாள். புதுப்பல்லு வந்தபிறகு ஒவ்வொரு பின்னேரமும் விரலில் பசையைத் தொட்டு, உதட்டை மெல்லத் தூக்கி, பின்பக்கத்துப் பெரிய பல்லுவரைக்கும் தேய்த்துவிடுவாள். பிப்பா கண்ணை மூடிக்கொண்டு காட்டும். பிறகு ரப்பர் எலும்பைக் கொடுத்தால் இருபது நிமிசம் கடித்துக்கொண்டு கிடக்கும். சோதிக்க வந்த ஹெலன், இந்த வட்டாரத்திலேயே சுத்தமான பல்லு இதற்குத்தான் என்று எழுதிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமைகளில் வகுப்பு. வளர்க்கிறவர்கள் எல்லாரும் குட்டிகளோடு வருவார்கள். லீவு கிடைத்தால் கிருஷ்ணராசாவும் போவான். மாசியில் ஒருநாள், தேத்தண்ணி நேரத்தில் ஒரு வெள்ளைக்கார மனிசி கதை சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஒருத்தி வளர்த்த நாய் எதையோ கடித்து, பெரிய பல்லொன்று பிளந்துவிட்டதாம். வைத்தியம், வெட்டுக்கொத்து என்று இழுபட்டு, கடைசியில் இது சரிவராது என்று பயிற்சியை நிறுத்திவிட்டார்களாம். நிறுத்தின நாயை வளர்த்தவளுக்கே கொடுத்துவிட்டார்களாம். "அதிர்ஷ்டக்காரி," என்று சொல்லிச் சிரித்தாள் அந்த மனிசி. சிவரூபினியும் சிரித்தாள். கிருஷ்ணராசா குனிந்து பிப்பாவின் கழுத்துப் பட்டியைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தான்.

அந்தக் கதை உள்ளே போய்க் குந்திக்கொண்டது. போகிற நாளுக்கு இரண்டு மாதம் இருந்தபோது அதை நினைத்துத் தன்னையே திட்டினாள். ஒரு மாதம் இருந்தபோது திட்டுவதை விட்டுவிட்டாள். மூன்றரைக் கிழமை இருந்தபோது கடைக்குப் போனாள்.

கொம்பை அடுப்படி மேசையின் இழுப்பு லாச்சிக்குள், துடைக்கிற துணிகளுக்குக் கீழே வைத்தாள். முதல் நாள் லாச்சியைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் கிருஷ்ணராசா வேலைக்குப் போனபிறகு எடுத்தாள். பிப்பா மணம் பிடித்துக்கொண்டு ஓடிவந்து எதிரே இருந்தது. பாய்ந்து பறிக்கவில்லை. அப்படித்தான் அவள் பழக்கியிருந்தாள். தந்தால் எடுக்கும், தராவிட்டால் காத்திருக்கும். வாலால் தரையைத் தட்டித் தட்டி அவளுடைய முகத்தைப் பார்த்தது. தடியைத் தட்டிக்கொண்டு மருந்துக்கடை வாசலில் படியைத் தேடுகிற அழகப்பன் அங்கிளின் கால் அவளுக்கு ஞாபகம் வந்தது. "போடி, நாசமாப் போனவளே," என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். கொம்பைத் திரும்ப லாச்சிக்குள் போட்டு மூடினாள். நாளைக்கு வேலைக்குப் போகிறபோது குப்பையில் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். உண்மையாகத்தான் நினைத்தாள். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மறந்துபோனாள்.

அன்றைக்குக் கிருஷ்ணராசாவுக்கு லீவு. அவள் ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்தபோது உள்ளே கறக் கறக் என்று சத்தம். அடுப்படி வாசலில் ஓடிப்போய் நின்றாள். அவன் பின்கதவுப் படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தான். பிப்பா அவனுடைய காலடியில் கிடந்து, கொம்பை இரண்டு முன்காலாலும் பிடித்துக்கொண்டு கடைவாயால் நெரித்துக்கொண்டிருந்தது.

"விடு!" என்று கத்தினாள்.

சொன்ன சொல்லுக்குப் பிப்பா உடனே விட்டது. கொம்பு தரையில் விழுந்தது. அதோடு இன்னொன்றும் விழுந்தது. வெள்ளையாக, சின்னி விரல் நகமளவில் ஒரு துண்டு. பிப்பா எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு அவளிடம் வந்தது. சொன்னதைக் கேட்டதற்குப் பிஸ்கட் கிடைக்குமென்று அவளுடைய கையை மணந்தது. உதட்டோரத்தில் இரத்தம் கசிந்திருந்தது. அவள் அப்படியே தரையில் குந்தி, உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். மேல்வாயில் இருக்கிற அந்தப் பெரிய பல்லு, ஒரு பக்கம் சீவி எடுத்தமாதிரிப் பிளந்து உள்ளே சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஒவ்வொரு பின்னேரமும் அவள் தேய்த்துவிட்ட பல்லு.

"லாச்சிக்குள்ள கிடந்தது," என்றான் கிருஷ்ணராசா. "பிள்ளைக்கு வாங்கி வச்சது எண்டு நினைச்சன்."

அவள் தரையில் கிடந்த துண்டைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். யார் வாங்கினது என்று அவன் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை ஹெலன் வந்தாள். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்! வாயைத் திறந்து பார்த்தாள், படம் எடுத்தாள், மிருக வைத்தியருக்கு அனுப்பினாள். கிருஷ்ணராசா தனக்குத் தெரிந்த இங்கிலீசில், "மை மிஸ்டேக். ஐ கிவ்," என்று இரண்டு தரம் சொன்னான். கடைகளில் விற்கிறார்கள், சனம் வாங்கிக் கொடுக்கிறது, வருசத்துக்கு எத்தனையோ நாய்க்கு இப்படி நடக்கிறது, மனதைப் போட்டு வருத்தவேண்டாம் என்றாள் அவள். இன்றைக்கே பல்லைப் பிடுங்கிவிடுவார்கள். புண் ஆறப் பத்து நாளாகும். எப்படியும் மூன்று கிழமையில் போகிற பிள்ளை, இங்கே ஒருக்கால் அங்கே ஒருக்கால் என்று அலைக்கழிக்காமல் வைத்தியரிடமிருந்து நேரே பயிற்சி நிலையத்துக்கே கொண்டுபோவது நல்லது.

"அப்ப திரும்ப வராதோ?" சிவரூபினி தமிழிலேயே கேட்டுவிட்டாள். பிறகு இங்கிலீசில் கேட்டாள். பல்லு உடைந்த நாய் சரிவருமோ என்றும் கேட்டாள். வகுப்பில் கேள்விப்பட்ட அந்த நாயைப் பற்றியும் கேட்டாள்.

ஹெலனுக்கு அந்த நாயைத் தெரிந்திருந்தது. அதை நிறுத்தியது பல்லுக்காக இல்லை என்றாள். அது பஸ்ஸுக்குப் பயம், நிறுத்தத்தில் வந்து நின்றாலே நடுங்கும், அதுதான் காரணம். வழிகாட்டுகிற வேலைக்குக் கண் வேண்டும், காது வேண்டும், நிதானம் வேண்டும். ஒரு பல்லு இல்லாவிட்டால் என்ன? பிப்பா அருமையான பிள்ளை, நீங்கள் நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அவளுடைய தோளைத் தடவினாள்.

பத்து நிமிசத்தில் எல்லாம் முடிந்தது. அதற்கு நீலப் பயிற்சிச் சட்டையைப் போட்டுவிட்டதும், வெளியே உலாவப் போகிறோமென்று பிப்பா துள்ளியது. ஹெலனின் வான் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் தானே பாய்ந்து ஏறியது. நல்ல பழக்கம், அவள் பழக்கியதுதான். கதவைச் சாத்துமுன் ஒருக்கால் திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தாள். அது கூட்டுக்குள் கிடந்த ஏதோ ஒரு துணியை மணந்துகொண்டிருந்தது. வான் தெருமுனையில் திரும்பி மறைந்தது. மூன்று கிழமை, இருபத்தொரு பின்னேரம். நாட்காட்டியில் கழிக்காமல் கிடந்த அந்த நாட்களைத் தானே தன் கையால் துடைத்துப் போட்டுவிட்டாள்.

உள்ளே வந்து கிருஷ்ணராசா தண்ணீர்க் கோப்பையைக் கழுவத் தொடங்கினான். பிப்பாவின் கோப்பை. அவள் அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னுடைய பழியை இந்த மனுசன் ஒன்றும் அறியாமல் சுமந்துகொண்டு நிற்கிறானே என்று தாங்கமுடியாமல் இருந்தது.

"இஞ்சேருங்கோ. அந்தக் கொம்பை நான்தான் வாங்கினனான். தெரியாமல் வாங்கேல்லை."

அவன் குழாயை மூடவில்லை. "தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"நான் முப்பது வருசம் எலும்பு வெட்டுறன், ரூபி. கத்தியே வழுக்கிற கொம்பு, பல்லுக்கு என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாதே? வகுப்பிலை அந்த மனிசி கதைச்சதை நானும்தானே கேட்டனான்." கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "துணி எடுக்கப் போகேக்குள்ள கண்டனான். ஏன் வாங்கினனீர் எண்டு விளங்கிச்சுது. நீர் குடுக்கமாட்டீர் எண்டும் விளங்கிச்சுது."

"அப்ப நீங்கள் ஏன் குடுத்தனீங்கள்?"

அவன் கழுவிய கையையே திரும்பவும் கழுவினான். "அண்டைக்கு மஹதியைப் பிடிச்சு வச்சிருக்க என்ரை கையிலை ஒண்டும் இருக்கேல்லை," என்றான். "இது கையிலை கிடந்தது."

பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள் கேட்டது. சிவரூபினி போய் அவனுடைய முதுகில் முகத்தை வைத்தாள். அவன் அழுகிறான் என்பது முதுகில்தான் தெரிந்தது. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் மூடவில்லை.

அடுத்த கிழமை அழகப்பன் மருந்து எடுக்க வந்தார். "உங்க பொண்ணு ட்ரெய்னிங்குக்குப் போயிட்டாளாமே?" என்றார். அவள் நடந்ததில் பாதியைச் சொன்னாள், கடிக்கக் கூடாததைக் கடித்துப் பல்லு போய்விட்டது என்று மட்டும். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு பல்லு தானே? என்னைய பஸ்ஸு ஏத்தி விடுறதுக்குப் பல்லு எதுக்கு மா? எனக்கே பாதி இல்ல." சிரித்து முடித்தபோது, அவள் சிரிக்காதது அவருடைய காதுக்குத் தெரிந்தது. தடியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைக் கல்லாவின்மேல் வைத்தார். "ரொம்ப வலிக்குதா மா?" என்றார்.

"ஓம் அங்கிள்," என்றாள். அந்த ஒரு சொல்லோடு உள்ளே மருந்துத் தட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் அவசரப்படாமல் காத்துக்கொண்டு நின்றார்.

மாதக் கடைசியில் ஹெலன் தொலைபேசியில் எடுத்தாள். புண் ஆறிவிட்டது. படிப்பில் கெட்டிக்காரி, நடைபாதை விளிம்பில் தானாகவே நிற்கிறாள். ஒரேயொரு தொல்லை. எந்தக் கடிக்கிற சாமானைக் கொடுத்தாலும் மணந்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறாள், வாயில் வைக்கிறாளில்லை. பல்லில் ஊத்தை பிடிக்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் எதைக் கொடுத்தீர்கள்? அதே மாதிரி ஒன்றை வாங்கி, இரண்டு நாள் உங்கள் கையில் வைத்திருந்து, வீட்டு மணத்தோடு அனுப்ப முடியுமா?

அதற்காகத்தான் சனிக்கிழமை திரும்பவும் அந்தக் கடைக்குப் போனாள். இந்த முறை கிருஷ்ணராசாவும் கூட வந்தான். ஒரு வருசத்தில் அவன் அந்தக் கடைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தரம். மான்கொம்புகள் முன்வரிசையில்தான் தொங்கின, விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் கடந்து போனார்கள். அவள் ரப்பர் எலும்பை எடுத்து வளைத்தாள், நகத்தை வைத்தாள். இறங்கியது. கையை எடுக்க, தடம் மெல்ல மெல்ல மேலெழும்பி மறைந்தது. "நீங்களும் பாருங்கோ," என்று அவனிடம் நீட்டினாள். கத்தி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன கட்டைவிரல் அவனுக்கு. பயந்து பயந்து வைத்து அழுத்தினான். "ஓம். இறங்குது," என்றான். பிறகு கடையிலிருந்த நீலம், சிவப்பு, கறுப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்க்கத் தொடங்கிவிட்டான். கல்லாப் பெட்டை அன்றைக்குச் சிரிக்கவில்லை. "உங்கட நாய் எங்கே?" என்று கேட்டாள்.

"எங்கட நாய் இல்லை," என்று சிவரூபினி சொல்ல வாயெடுத்தாள். கிருஷ்ணராசா முந்திக்கொண்டு, "ஸ்கூல்," என்றான்.

இரண்டு நாள் அந்த ரப்பர் எலும்பு அந்த வீட்டில் எல்லா இடமும் திரிந்தது. அவள் சமைக்கும்போது சட்டைப்பைக்குள் இருந்தது. அவன் டிவி பார்க்கும்போது உள்ளங்கையில் உருண்டது. திங்கட்கிழமை அவளுடைய பழைய வீட்டுச்சட்டையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றி, கபிலநிறக் கடதாசியில் பொதிந்து, முகவரி எழுதித் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கையடக்கப் பார்சலுக்கு இரண்டு பேர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை எங்கட தமிழ் ஆள்தான். நிறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ளுக்கு உடையிற சாமான் ஏதும் கிடக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. உடையாது," என்றாள் சிவரூபினி.

முத்திரையை ஒட்டித் தரச்சொல்லி அந்தப் பிள்ளை பார்சலைத் திரும்ப நீட்டினாள். சிவரூபினி ஒரு முனையைப் பிடிக்க, கிருஷ்ணராசா மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். ஒட்டியாயிற்று. ஆனால் இரண்டு பேரும் விடவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது, யாரோ தொண்டையைச் செருமினார்கள். "அக்கா, தாங்கோ," என்று அந்தப் பிள்ளை மெதுவாகச் சொல்லிக் கையை நீட்டினாள். பிறகுதான் விட்டார்கள். பார்சல் கண்ணாடிக்கு அப்பால் போய், மற்றப் பார்சல்களுக்கு மேலே இருந்தது. கடதாசி ரப்பரைப்போல இல்லை. அதன் இரண்டு முனையிலும் அழுத்திய கட்டைவிரல் நகத் தடங்கள், ஒன்று சின்னதும் ஒன்று பெரிதுமாக, அப்படியே பதிந்து கிடந்தன.